என் கார்டில் வந்த பம்ப்

எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். பெண் தன் வாப்பா வீட்டை விட்டு நகர மாட்டாள். கடற்கரையோரத்து முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் இன்றைக்கும் இதுதான் வழக்கம், இதில் யாருக்கும் ஒரு கூச்சமும் கிடையாது. ஆனால் அதே மாப்பிள்ளை பெண்ணுடைய விசாவில் துபாய்க்கு வந்தால் மட்டும் ஊருக்குச் சிரிப்பு வந்துவிடும். மாமியார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாமாம், மனைவி விசாவில் இருக்கக் கூடாதாம். இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் துபாய் ஜபல் அலியில் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு லேபில் கெமிஸ்ட். கணவரை எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்றே சொல்வோம். என் மாப்பிள்ளை தேராவில் ஒரு துணிக்கடையில் இருந்தார். கடையை மூடினார்கள், விசாவை கேன்சல் செய்தார்கள். ஊருக்குத் திரும்பிப் போவதா என்று அவர் யோசித்துக் கொண்டிருக்கும்போதே நான் பேப்பர்களைத் தயார் செய்து அவரை என் விசாவுக்கு மாற்றிவிட்டேன். பிறகு அவருக்கு ஒரு மொபைல் சாமான் கடையில் வேலை கிடைத்தது. விசா செலவு மிச்சம் என்று முதலாளிக்கும் சந்தோஷம். அதனால் விசா என் பெயரிலேயே நின்றுவிட்டது. இன்ஷூரன்ஸும் அப்படித்தான். என் கம்பெனி கொடுத்த நல்ல பாலிசி. என் கார்டில் நான் முதன்மை உறுப்பினர், அவர் கார்டில் அவர் டிபெண்டண்ட்.

உம்மா ஊரில் இதை அப்படியே தலைகீழாக்கிச் சொல்லி வைத்திருந்தார். "எம் மவள மாப்பிள்ளை கூப்பிட்டு வச்சிருக்காஹ" என்று. நான் போனில் சண்டை போட்டேன். "சும்மா கெட, ஊரு வாய்க்கு ஏன் அவல் போடணும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உம்மாவிடம் மட்டும் அது செல்லுபடியாகாது.

நான் உண்டானபோது எல்லோரும் எதிர்பார்த்தது ஏழாம் மாதம் ஊருக்குப் போவேன் என்று. நான் போகவில்லை. பிரசவத்துக்கு இன்ஷூரன்ஸ் இங்கேதான் செல்லும். பிரசவ விடுப்பு இரண்டு மாதம்தான். அதற்கு மேல் இழுத்தால் வேலை தங்குமா என்பது சந்தேகம். வேலை போனால் என் விசா மட்டுமா போகும்? அவருடையதும் போகும், பிறக்கப் போகிற பிள்ளையுடையதும் போகும். ஆக, இரண்டு மாதத்தில் டியூட்டிக்குத் திரும்பியே ஆக வேண்டும்.

பால் கொடுக்கிற தாய்க்குத் தினம் ஒரு மணி நேரம் உண்டு என்று சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் வீடு ஷார்ஜாவில், லேப் ஜபல் அலியில். அந்த ரோட்டில் ஒரு மணி நேரத்தில் போய்ப் பால் கொடுத்துவிட்டு வர வேண்டுமென்றால் ஹெலிகாப்டர்தான் பிடிக்க வேண்டும். என் பிள்ளை என் பாலைக் குடித்துத்தான் வளர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வேலையையும் விட முடியாது, பாலையும் விட முடியாது. நாள் நெருங்க நெருங்க இந்த ஒரு கவலைதான் என்னைத் தின்றது.

வழி சொன்னது லேபில் எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் ஃபிலிப்பைன்ஸ்காரி. அவள் அப்போதுதான் பிள்ளை பெற்றுத் திரும்பியிருந்தாள். மதியம் பையைத் தூக்கிக்கொண்டு எங்கோ போய் வருவாள். என்ன என்று கேட்டபோது பையைத் திறந்து காட்டினாள். உள்ளே பிரெஸ்ட் பம்ப், இரண்டு குட்டிப் பாட்டில்கள். கடையில் அதன் விலையை நான் ஏற்கெனவே கேட்டு மலைத்திருந்தேன். அவள் சிரித்தாள். காசு கொடுத்து வாங்காதே, நம் இன்ஷூரன்ஸிலேயே இருக்கிறது, டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதும் என்றாள். ஒன்றே ஒன்று, பிள்ளை பிறப்பதற்கு முன்பே அப்ரூவல் வாங்கிவிட வேண்டும். பிறந்த பிறகு கேட்டால் "கலாஸ், மாஃபி", முடிந்தது, கிடையாது என்று கையை விரித்துக் காட்டினாள்.

அன்று மாலையே பாலிசியைத் தோண்டிப் பார்த்தேன். பொடி எழுத்தில் இருந்தது, உண்மைதான். ஹெல்ப்லைனைக் கூப்பிட்டேன். எடுத்த பையன் என் விவரத்தையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "ஹஸ்பண்ட் பக்கத்துல இருக்காரா மேடம், அவர்கிட்ட பேசலாமா?" என்றான். எதற்கு என்றேன். "மெயின் மெம்பர்கிட்ட கன்ஃபர்ம் பண்ணணும்." மெயின் மெம்பரிடம்தான் தம்பி பேசிக் கொண்டிருக்கிறாய் என்றேன். எதிர்முனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "ஓ, சாரி மேடம்" என்றான். அப்போதே நான் உஷாராகியிருக்கலாம்.

அதற்குள் உம்மா வந்து சேர்ந்தார், நான் எடுத்துக் கொடுத்த விசிட் விசாவில். பெட்டியைத் திறந்தால் எனக்குப் பிரசவ மருந்துக்கு வேண்டிய சாமான் அத்தனையும் இருந்தது, நல்லெண்ணெய் இருந்தது, எனக்குப் பிடித்த மாசிக் கருவாடும் இருந்தது. பிள்ளைக்கென்று ஒரு முழத் துணி கிடையாது. மறந்து போனதல்ல. பிள்ளை பிறக்கும் முன் அதன் சாமான் வீட்டுக்குள் வரக் கூடாது, கண் பட்டுவிடும் என்பது உம்மாவின் சட்டம். எங்கள் தெருவில் எல்லா உம்மாக்களின் சட்டமும் அதுதான். பம்ப் விஷயம் காதில் விழுந்ததும் முகம் மாறியது.

"புள்ள பொறக்கல, அதுக்குள்ள சாமானா?"

"உம்மா, இது புள்ளைக்கு இல்ல, எனக்கு."

"பாலு ஆருக்கு? ஒனக்கா? மெஷின் வச்சுக் கறக்க நீ என்ன மாடா?"

பேசிப் பேசிக் கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். அப்ரூவல் வாங்கிக்கொள்ளலாம், அது காகிதம்தானே. ஆனால் பெட்டி வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. சரி என்றேன்.

சனிக்கிழமை செக்கப்புக்குப் போனோம். டாக்டர் எகிப்துக்காரம்மா, கையைப் பிடித்துக்கொண்டே பேசுவார். கேட்ட உடனே கடிதம் எழுதிக் கொடுத்தார். கீழே இன்ஷூரன்ஸ் கவுன்ட்டரில் ஒரு ஹைதராபாத்காரர் இருந்தார். எனக்குக் கால் வீங்கிப் போயிருந்தது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக் கொண்டிருந்தேன். அவர் கையை நீட்டியது என் மாப்பிள்ளையை நோக்கி. "கார்டு, பாய்." இந்த நாட்டில் எந்தக் கவுன்ட்டரிலும் கை ஆம்பிளையை நோக்கித்தான் நீளும், ஆம்பிளையின் கையும் தானாகச் சட்டைப் பைக்குத்தான் போகும். அவர் தன் கார்டை எடுத்துக் கொடுத்தார். ஹைதராபாத்காரர் அதைப் பார்த்து நம்பரைத் தட்டினார், கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பினார். வேலை முடிந்தது என்று மூன்று பேரும் திருப்தியாக இருந்தோம்.

பதில் வெள்ளிக்கிழமை வந்தது, அவருடைய போனுக்கு. ஜும்ஆ தொழுகை முடிந்து தேராவில் ஒரு ரூமில் ஊர்க்காரர்கள் கூடி ஒன்றாகச் சாப்பிடுவார்கள். பிரியாணித் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது மெசேஜ் வந்திருக்கிறது. அப்ரூவல்தான் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் மனுஷன் வாய்விட்டுப் படித்துவிட்டார். உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. கேட்ட பொருள், பிரெஸ்ட் பம்ப். காரணம், உறுப்பினர் ஆண்.

அதற்கப்புறம் அந்த ரூமில் யார் சாப்பிட்டிருப்பார்கள்? "பொண்டாட்டி விசாவுல வந்தது பத்தாதுன்னு பால் குடுக்குற டியூட்டியும் காக்காவுக்குத்தானாம்" என்று ஒருவர் ஆரம்பித்திருக்கிறார். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். "கடையில லீவு போட்டாச்சா காக்கா, எத்தன மாசம்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் முதலில் சிரித்துவிட்டேன், சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அன்று அவருக்குத் தேநீர்கூட இறங்கவில்லை. துணிக்கடையில் வேலை போனபோதுகூட அவர் அப்படி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததில்லை. அந்த ரூமில் சிரித்தவர்கள் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உம்மாவுக்கு இதுவே போதுமானதாக இருந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல. பொறக்குறதுக்கு முந்திச் சாமான் சேக்கப் போனா இப்படித்தான் தட்டிப் போவும்."

"உம்மா, கண்ணும் படல ஒண்ணும் படல. கார்டு மாறிப் போச்சு, அவ்வளவுதான்."

மாப்பிள்ளையிடம் சொன்னேன், "நீங்க வர வேணாம். வர்ற சனிக்கிழம நானே போய்ப் பாத்துக்குறேன்." நாள் வேறு ஓடிக் கொண்டிருந்தது. டாக்டர் போன தடவையே தலை இறங்கிவிட்டது என்று சொல்லியிருந்தார். முந்திக்கொண்டு பிறந்துவிட்டால் அப்ரூவல் கிடையாது, பம்ப் கிடையாது. அந்த வாரம் முழுக்க லேபில் நின்றபடியே வயிற்றைத் தொட்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள் கண்ணே என்று கெஞ்சினேன்.

சனிக்கிழமை காலையில் நான் அபாயாவை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், அவர் எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

நிராகரித்த மெசேஜைக் காட்டியதும் டாக்டருக்குக் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரிப்பு. "ஹபீப்தி, இவர் பால் கொடுத்தால் எனக்கு முதலில் சொல்லுங்கள், நான் உலகப் புகழ் பெற்றுவிடுவேன்" என்றார். என் மாப்பிள்ளையும் சிரித்தார், கொஞ்சம் மனசு விட்டே சிரித்தார். புதுக் கடிதம் கிடைத்தது. கீழே வந்தோம்.

அதே கவுன்ட்டர், அதே ஹைதராபாத்காரர். பின்னால் நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். "கார்டு, பாய்" என்று அதே கை அதே பக்கம் நீண்டது. நான் வாயைத் திறப்பதற்குள் என் மாப்பிள்ளை என் கையிலிருந்த கார்டை வாங்கிக் கவுன்ட்டரில் வைத்தார்.

"இதுதான் கார்டு. மெயின் இவங்க."

ஹைதராபாத்காரர் கார்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ஆப் கா கார்டு, பாய்?"

"என் கார்டு வேண்டாம் பாய்." இந்தியில்தான் சொன்னார், அவருடைய தேரா இந்தியில், ஆனால் அந்த ஹால் முழுக்கக் கேட்கும்படி. "விசா இவங்களோடது. இன்ஷூரன்ஸ் இவங்களோடது. நான் இவங்களுக்கு டிபெண்டண்ட். எல்லாத்தையும் இவங்ககிட்ட கேளுங்க."

நாற்காலியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. சட்டையை ஒரு தரம் இழுத்து விட்டுக்கொண்டு எனக்கு வழிவிட்டுத் தள்ளி நின்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை நினைத்துப் பெருமைப்பட்ட தருணங்கள் உண்டு. ஆனால் அன்றைக்கு மாதிரி நெஞ்சு விம்மியது கிடையாது. அழுகை வந்துவிடுமோ என்று பயந்து பேனாவைத் தேடுகிற மாதிரி பையைக் கிண்டிக் கொண்டிருந்தேன். "அச்சா, அச்சா. மேடம் மெயின்" என்று ஹைதராபாத்காரர் கீபோர்டை என் பக்கம் திருப்பாத குறையாக என்னிடமே எல்லாவற்றையும் கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கவுன்ட்டரில் அவர் கை என்னை நோக்கித்தான் நீளும்.

அப்ரூவல் என் போனுக்கு வந்தபோது கையில் கிளவுஸோடு லேபில் நின்றிருந்தேன். பக்கத்து மேசைக்காரிதான் என் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் படித்தாள், படித்துவிட்டுக் கைதட்டினாள். மேனேஜர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். நான் திரும்பி வரும்போது கதவைப் பூட்டிக்கொள்கிற மாதிரி ஓர் அறை எனக்கு வேண்டும் என்று அவரிடம் அப்போதே, அந்தச் சூட்டோடு சூடாகக் கேட்டுவிட்டேன். பழைய சாமான் வைக்கிற ரூமை ஒழித்துத் தருவதாகச் சொன்னார்.

பம்பை ஃபார்மசியிலிருந்து வாங்கி மாப்பிள்ளை நேராகத் தன் கடைக்குத்தான் கொண்டுபோனார். உடன்படிக்கை உடன்படிக்கைதான். சார்ஜர்களுக்கும் பவர் பேங்குகளுக்கும் நடுவே மேல்தட்டில் அது உட்கார்ந்திருந்தது. புது மாடல் ஸ்பீக்கர் என்று நினைத்து யாரோ விலைகூடக் கேட்டாராம். இது விற்பனைக்கு இல்லை, என் மனைவியுடையது என்று சொன்னாராம். உம்மா தினமும் மாலையில் அவரிடம், "அது அங்கனதான இருக்கு மாப்பிள்ளை?" என்று ஒரு வார்த்தை கேட்பார். பெட்டி பத்திரமாக இருக்கிறதா என்று கேட்கிறாரா, வீட்டுக்கு வராமல் இருக்கிறதா என்று கேட்கிறாரா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற அன்று அவர் வழியில் கடையில் இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டார். ஃபிளாட் வாசலில் உம்மா அவரை மறித்து வெளியே நிறுத்திவிட்டார். "மொதல்ல புள்ள உள்ள போவட்டும்." மகள் உள்ளே போனாள், நான் போனேன், அதற்குப் பிறகுதான் பம்ப் உள்ளே வந்தது.

முதல் சில நாள் அந்த மெஷினை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் பாட்டிலின் அடி நனைகிற அளவுதான் வந்தது. இவ்வளவு போராடி வாங்கி, கடைசியில் பால் வராமல் போய்விடுமோ என்று ஒருநாள் வாய்விட்டு அழுதுவிட்டேன். பூண்டு உரித்துக் கொண்டிருந்த உம்மா எழுந்து வந்தார். பெட்டியில் இருந்த படங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நெஞ்சுல வைக்கிற இந்த வட்டம் ஒனக்குச் சின்னதா இருக்கு. இன்னொண்ணு இருக்குல்ல, அத மாட்டிப் பாரு" என்றார். மாட்டினேன். பால் வந்தது. அன்றிலிருந்து பம்ப் உம்மாவின் பொறுப்புக்குப் போய்விட்டது. கொதிக்கிற தண்ணீரில் போடுவதும் எடுத்து உலர்த்துவதும் அவர்தான். நான் தொட்டால், "கை கழுவுனியா?" என்று கேட்பார். நானோ லேபில் நாள் முழுக்கக் கை கழுவுகிறவள்.

விடுப்பு முடிந்து டியூட்டிக்குப் போன முதல் நாள், மகளின் தலையை மோந்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினேன். ஃபிரிட்ஜில் நான் எடுத்து வைத்த பால் இருந்தது. ஆனால் அவள் பாட்டிலை வாயில் வாங்குவாளா என்பது யாருக்கும் தெரியாது. சாமான் ரூமில் ஒரு நாற்காலி போட்டு, கதவில் புதுத் தாழ்ப்பாளும் வைத்திருந்தார் மேனேஜர். அங்கே உட்கார்ந்து பம்பைப் போட்டேன். பாட்டில் நிறைந்தது. பழக்க தோஷம், தண்ணீர் சாம்பிளுக்கு ஒட்டுகிற மாதிரி லேபிள் ஒட்டி நேரம் எழுதி ஐஸ் பையில் வைத்தேன். வீட்டுக்குப் போன் செய்ய மட்டும் பயமாக இருந்தது. அழுகிறாள் என்று சொன்னால் என்ன செய்வேன்?

மாலையில் பஸ் நிறுத்தத்தில் அவர் காத்திருந்தார். "குடிச்சாளா?" என்றேன். "நானும் கடையிலேர்ந்து நேரா இங்கதான் வர்றேன், தெரியல" என்று ஐஸ் பையை என் தோளிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். வழியில் எதிர்ப்பட்ட ஊர்க்காரர் ஒருவர், வெள்ளிக்கிழமை ரூமில் இருந்தவர்தான், "என்ன காக்கா, பையில என்ன?" என்று கேட்டார். "பால்" என்றார் இவர், நடையைக் குறைக்காமல்.

கதவைத் திறந்தால் ஹாலில் உம்மா உட்கார்ந்திருக்கிறார். மடியில் மகள், அவள் வாயில் பாட்டில். கண்ணை மூடிக்கொண்டு இழுத்து இழுத்துக் குடிக்கிறாள். நான் காலையில் வைத்துவிட்டுப் போன பால். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

தலையணையில் சாய்த்து வைத்த போனில் ஊரிலிருந்து உம்மாவின் மச்சி, அதாவது நாத்தனார், பேசிக் கொண்டிருந்தார், ஸ்பீக்கரில். அவரிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. "பச்சப் புள்ளய விட்டுட்டா வேலைக்குப் போறா? மாப்பிள்ளை சம்பாத்தியம் பத்தலையா?" என்று கேட்டார்.

உம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் ஐஸ் பையோடு நின்ற அவரையும் பார்த்தார். வழக்கமான பதில்தான் வரும் என்று நான் நினைத்தேன்.

"மாப்பிள்ளை எம் மவ விசாவுலதான் இருக்காஹ மச்சி. புள்ளையும் அவ கார்டுலதான். நானும் அவ கூப்பிட்டுத்தான் வந்திருக்கேன். அவ போவாம ஆரு போவா?"

உம்மா காலியான பாட்டிலை மெதுவாக எடுத்துக் கீழே வைத்துவிட்டு, மகளைத் தோளில் போட்டுத் தட்டியபடி எழுந்தார்.

"வைக்கிறேன் மச்சி. எம் மவ பால் கொண்டாந்துட்டா, எடுத்து வைக்கணும்."